சக்கரம் கட்டுகிற சாமியார்

வெள்ளிக்கிழமை என்றால் கொடைக்கானல் பக்கத்து வில்பட்டிப் பாதையில் ஆட்டுக்குட்டிகூட நுழைய முடியாது. அத்தனையும் புது வண்டி. பிளாஸ்டிக் உறை பிரிக்காத சீட்டு, முன்கண்ணாடியில் மஞ்சள் பூச்சு, மூக்கில் சாமந்தி மாலை. ஒட்டன்சத்திரத்திலிருந்தும் பழனியிலிருந்தும் மலையேறி வந்து வரிசையில் நிற்கும். அடிவாரத்தில் முருகனுக்குப் பூசை போட்ட கையோடு நேராக மேலே வந்துவிடுவார்கள். முருகன் வண்டியைப் பார்த்துக்கொள்வாராம். சக்கரத்தைப் பார்த்துக்கொள்ள வேலப்ப சித்தர்தான் வேண்டுமாம்.

வேலப்ப சித்தர் நோய் தீர்ப்பதில்லை. பிள்ளை வரம் தருவதில்லை. அந்தத் துறைகளில் போட்டி அதிகம். அவர் தேர்ந்தெடுத்தது அதுவரை யாரும் கை வைக்காத துறை. கார் சக்கரத்தை மந்திரத்தால் கட்டுவார். கட்டிவிட்டால் எந்தத் திருடனாலும் கழற்ற முடியாது.

இந்தத் தொழில் எப்படிப் பிறந்தது என்று கேட்கிறீர்களா? போன சீசனில் கொடைக்கானல் ஏரிப்பக்கம் ராத்திரி நிறுத்தியிருந்த இரண்டு மூன்று புது வண்டிகள், விடிந்து பார்த்தால் சக்கரமில்லாமல் செங்கல் மேல் உட்கார்ந்திருந்தன. யாரோ போட்டோ எடுத்தார். போட்டோ போன் போனாகச் சுற்றியது. ஊர் சுற்றிவந்ததில் மூன்று முப்பதாயிற்று, முப்பது முந்நூறாயிற்று. திருடர்களைப் போலீஸ் பிடித்த செய்தியும் வந்தது. அதை ஒருவரும் அனுப்பவில்லை. பயத்துக்கு இருக்கிற கால், நல்ல சேதிக்குக் கிடையாது போலிருக்கிறது.

அந்த நேரம் பார்த்துத்தான் வேலப்பன் மலையேறினார். அதுவரை பழனி அடிவாரத்தில் லாட்ஜுக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தவர். ஜனங்கள் எதைக் கண்டு பயப்படுகிறார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. பச்சை வேட்டி, கழுத்து நிறைய உருத்திராட்சம், வில்பட்டிப் பாதையோரம் ஒரு தகரக் கொட்டகை. சித்தர் ரெடி.

கொட்டகைக்கு முன்னால் அவருடைய சொந்த வண்டி நிற்கும். பளபளவென்று வெள்ளை. அதன் முன்சக்கரத்தில் கறுப்புக் கயிறு சுற்றி, முடிச்சுக்குப் பக்கத்து நட்டின்மேல் சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்திருப்பார். தாம்பாளத்தில் பூவுக்கு நடுவே ஒரு வீல் ஸ்பானர். யார் வேண்டுமானாலும் எடுத்து அந்த நட்டைக் கழற்றிப் பார்க்கலாம். அந்த நட்டை மட்டும். “முடிச்சோட சக்தி அதுலதான் எறங்கியிருக்கு” என்பார்.

மூட்டை தூக்குகிறவர்கள் முயன்றார்கள். லாரி டிரைவர்கள் முயன்றார்கள். ஸ்பானர் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். நட்டு கழலாது. “பாத்தீகளா, வழுக்குது” என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். அப்புறம் வரிசையாக அவரவர் வண்டிக்குக் கயிறு. சாதா சக்கரத்துக்கு ஒரு தட்சணை. அலாய் வீலுக்குத் தனி மந்திரம், தனி தட்சணை. ஸ்டெப்னிக்கும் சேர்த்துக் கட்டினால் சலுகை உண்டு. “சக்ராய நம, டயராய நம, டியூபாய நம” என்று ஓதுவார். இப்போது வருகிற வண்டிகளில் டியூபே கிடையாது என்பதைச் சித்தருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

கடைசியில் ஒரு நிபந்தனை. “கட்டுன சக்கரத்துல இரும்பு படக்கூடாது. சோதிச்சுப் பாக்கவும் கூடாது. பட்டா கட்டு அறுந்துரும். அப்புறம் நாலு சக்கரமும் போயிரும்.” அதாவது சோதித்தால் செத்துப்போகிற சக்தி. அவர் வண்டிக்கு மட்டும் விலக்கு. என்ன வசதியான சக்தி பாருங்கள்.

ஆனாலும் பலன் இருக்கத்தான் செய்தது. அவர் கட்டிய வண்டி ஒன்றுகூடத் திருட்டுப் போகவில்லை. எங்கள் தெருவில் நிற்கிற குப்பை வண்டியும் திருட்டுப் போகவில்லை. அதற்கு யார் கட்டினார்கள் என்று தெரியவில்லை.

இந்த வரிசையில் ஒரு வெள்ளிக்கிழமை வில்பட்டி செல்வமுருகனும் நின்றான். பூண்டு போட்டிருந்த தோட்டத்தை விற்று டாக்சி வாங்கியவன். இனி குடும்பத்துக்குச் சோறு அந்த நாலு சக்கரத்தில்தான். பயப்படாமல் என்ன செய்வான் பாவம். நாலுக்கும் கட்டினான், ஸ்டெப்னிக்கும் கட்டினான். அவன் மனைவி ஜெயப்பிரியா கொடைக்கானலில் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷனில் இருக்கிறாள். “கயிறு திருடனப் புடிக்குமாங்க?” என்று கேட்டாள். “உனக்கு எல்லாமே கேலிதான்” என்றான். அதோடு பேச்சு முடிந்தது.

மாசி மாதம் ஒரு நாள் வெள்ளனே, செல்வமுருகனின் அப்பா பெரியண்ணனுக்கு இளைப்பு வந்துவிட்டது. பழைய ஆஸ்துமா. எப்போதும் வாயில் அடிக்கிற மருந்துப் பம்பை அடித்தும் அடங்கவில்லை. உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. பின்சீட்டில் அவரைச் சாய்த்து, ஜெயப்பிரியா பிடித்துக்கொள்ள, கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு வண்டி கிளம்பியது. பனியில் எதிரே வந்த கேரட் வண்டிக்கு ஒதுங்கியபோது ரோட்டோரக் கல் முன் டயரின் பக்கவாட்டைக் கிழித்தது. வண்டி நொண்டி நின்றது.

டிக்கியில் ஸ்டெப்னி இருந்தது. ஜாக்கி இருந்தது. ஸ்பானர் இருந்தது. செல்வமுருகன் ஸ்பானரை எடுத்துக்கொண்டு சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்தான். கறுப்புக் கயிற்றைப் பார்த்தான். கை போகவில்லை.

போனை எடுத்துச் சித்தரைக் கூப்பிட்டான்.

“சாமி, டயர் கிழிஞ்சு போச்சு. அப்பாவுக்கு மூச்சு வாங்குது. நட்டுல கை வைக்கலாமா சாமி?”

“வச்சிராத மகனே. இரும்பு பட்டா கட்டு அறுந்துரும். நான் குடுத்த திருநீறு இருக்கா? அதைக் கிழிஞ்ச எடத்துல பூசு. காத்து தன்னால நிக்கும்.”

அவன் பூசினான். சொன்னால் நம்ப மாட்டீர்கள், தகப்பன் பின்சீட்டில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்க, மகன் ரோட்டில் உட்கார்ந்து டயருக்குத் திருநீறு பூசிக்கொண்டிருந்தான். எனக்கு அவன்மேல் கோபம் வருகிறது. அவனை அப்படி உட்கார வைத்தவன்மேல் அதைவிடப் பெரிய கோபம் வருகிறது.

ஜெயப்பிரியா கீழே இறங்கி வந்து பார்த்தாள்.

“என்னங்க பண்றீக?”

“சாமி சொன்னாரு…”

“அங்க மாமாவுக்குக் கண்ணு சொருகுது. ஸ்பானரக் குடுங்க.”

“ஜெயா, தொடாத. நாலு சக்கரமும் போயிரும். அப்புறம் சோத்துக்கு என்ன செய்ய?”

“போகட்டும். ஆள் இருந்தா சக்கரம் வாங்கிக்கலாம். தள்ளுங்க.”

ஹோட்டல் வாசலில் டூரிஸ்ட் வண்டிக்காரர்கள் டயர் மாற்றுவதைப் பலமுறை பார்த்தவள். ஸ்பானரை நட்டில் மாட்டி, அதன் கைப்பிடிமேல் ஏறி நின்றாள். நட்டு கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டு இளகியது. முடிச்சுக்குப் பக்கத்து நட்டுதான் முதலில் இளகியது. சந்தனம் கையெல்லாம் ஒட்டியது. அவ்வளவுதான் மந்திரத்தின் எதிர்ப்பு. மற்ற நட்டுகளும் கழன்றன. கயிற்றை அறுத்து ரோட்டோர ஓடையில் எறிந்துவிட்டு, ஜாக்கியில் வண்டியைத் தூக்கி ஸ்டெப்னியை மாட்டினாள். செல்வமுருகன் கடைசி நட்டுக்குத்தான் கை கொடுத்தான்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். “இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தா எங்க கையில இல்லம்மா” என்றார் டாக்டர். பெரியண்ணன் பிழைத்துக்கொண்டார்.

இதோடு செல்வமுருகனுக்குப் புத்தி வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள். அதுதான் இல்லை. மூன்றாம் நாள், அப்பா கஞ்சி குடிக்கத் தொடங்கியதும், அவன் மெல்ல ஆரம்பித்தான்.

“கட்டு அறுந்து போச்சுல்ல. வர்ற வெள்ளிக்கெழம போய்த் திரும்பக் கட்டிட்டு வந்துரணும்.”

ஜெயப்பிரியா கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவி வைத்தாள்.

“வாங்க. நானும் வாரேன்” என்றாள்.

வெள்ளிக்கிழமை கொட்டகையில் வழக்கமான கூட்டம். முன்வரிசையில் ஒட்டன்சத்திரம் காய்கறிக் கமிஷன் கடைக்காரர் சேனாதிபதி, தன்னுடைய பெரிய வண்டியோடு நின்றார். அவருக்கு அப்போதுதான் கட்டி முடிந்திருந்தது. அலாய் வீல் மந்திரம், ஸ்டெப்னி உட்பட. சித்தர் அடுத்த ஆளைக் கூப்பிடுமுன் ஜெயப்பிரியா முன்னால் வந்தாள்.

“சாமி, ஒரு சந்தேகம். நீங்க கட்டுன சக்கரத்த நான் கழட்டிட்டேன். எப்படிக் கழண்டுச்சு?”

கூட்டம் திரும்பிப் பார்த்தது. சித்தர் சிரித்தார். இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் பதில் கைவசம் வைத்திருப்பார்.

“நீ ஒடமக்காரன் பொண்டாட்டி, தாயி. கட்டுக்கு ஆள் தெரியும். சொந்தக்காரங்க கைக்கு எளகும், திருடன் கைக்கு எளகாது.”

“ஆகா” என்றது கூட்டம்.

“அன்னைக்கு ஏன் சாமி இரும்பு படக்கூடாதுன்னு சொன்னீக? எங்க மாமனார் உசுரு ஊசலாடிட்டு இருந்துச்சு. எங்க கைக்கு எளகும்னா, மாத்திக்கன்னு சொல்லியிருக்கலாம்ல?”

சித்தர் கண்ணை மூடித் தியானத்தில் இறங்கிவிட்டார். பதில் இல்லாத இடங்களில் அவருக்குத் தியானம் வந்துவிடும். ஜெயப்பிரியா சேனாதிபதி பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, உங்க வண்டிக்கு நான் சொந்தக்காரி இல்ல. சாமி சொல்றபடி பாத்தா என் கைக்குக் கழலக்கூடாது. ஒரு நட்ட மட்டும் சுத்திப் பாக்கட்டுமா?”

“வேணாம்மா. இப்பத்தான் கட்டியிருக்கு. அறுந்துரும்.”

“மார்க்கெட்ல மூட்டையப் பிரிச்சுப் பாக்காம கேரட் வாங்குவீகளாண்ணே?”

சேனாதிபதி யோசித்தார். மூட்டையின் அடியில் கைவிட்டு அழுகலைத் தேடி எடுத்து விலையைக் குறைப்பதே அவர் தொழில். அந்த மனுஷனிடம் போய் இதைக் கேட்டால்?

“வாங்க மாட்டேன்” என்றார். “சுத்து.”

தாம்பாளத்தில் பூவுக்கு நடுவே இருந்த ஸ்பானரையே ஜெயப்பிரியா எடுத்தாள். சேனாதிபதி வண்டியில், முடிச்சுக்குப் பக்கத்து நட்டில் மாட்டி ஏறி நின்றாள். நட்டு இளகியது. விரலாலேயே சுழற்றி எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

சித்தருக்குத் தியானம் கலைந்தது.

“ஐயாவுக்கு மனசுல சந்தேகம் வந்துருச்சு. அதான் கட்டு அறுந்து போச்சு. நம்பிக்க உள்ளவனுக்குத்தான் நிக்கும்.”

“ஆமா, ஆமா” என்று இரண்டு பேர் அப்போதும் தலையாட்டினார்கள். உலகத்தில் எந்தச் சாமியாருக்கும் இந்த இரண்டு பேர் கிடைக்காமல் போனதில்லை.

“சரி சாமி” என்றாள் ஜெயப்பிரியா. “உங்களுக்குச் சந்தேகமே வராதுல்ல? அப்ப உங்க வண்டியில பாப்போம். கயிறு கட்டியிருக்கறப்ப அந்த நட்டு கழலல. எல்லாரும் பாத்துட்டோம். இப்ப கயித்த அவுத்துட்டுச் சுத்துவோம். கட்டுனதாலதான் நிக்குதுன்னா, அவுத்தா கழலணும். கழண்டுச்சுன்னா உங்க கால்ல விழுந்து நானே நாலு சக்கரத்துக்கும் கட்டிக்கிறேன்.”

ஒரு ஸ்பானர், ஒரு கயிறு, ஒரு கேள்வி. இதைச் செய்துபார்க்க இத்தனை வெள்ளிக்கிழமைகளாக ஒருவருக்கும் தோன்றவில்லை.

“அவுக்கக்கூடாது. சாபம் வரும்” என்று சித்தர் எழுந்தார்.

“எங்க நட்டு கழண்டு போச்சு. இனி வர்ற சாபத்தையும் பாத்துருவோம்” என்றார் சேனாதிபதி. மூட்டை பிரிக்கிற கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தார். ஸ்பானரை மாட்டிச் சுற்றினார். சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. கயிறு இல்லாமலும் நட்டு கழலவில்லை.

“கயிறு கீழ கெடக்கு. அப்ப இத யாரு புடிச்சுட்டு நிக்கா?” என்றாள் ஜெயப்பிரியா. முந்தானையால் நட்டின் மேலிருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் அழுத்தித் துடைத்தாள்.

பக்கத்து நட்டுகளுக்கெல்லாம் ஆறு பக்கம் இருந்தது. இதற்குப் பக்கமே இல்லை. வழுவழுவென்று உருண்டை. மேலே ஓர் உறை, அது மட்டும் தன்பாட்டுக்குச் சுற்றும். உள்ளே இருக்கிற நட்டு அசையாது. அதற்கென்று செய்த சாவியைப் போட்டால்தான் கழலும். சக்கரம் திருட்டுப் போகாமலிருக்கக் கடையில் விற்கிற பூட்டு நட்டு. வண்டி உதிரிபாகக் கடையில் கேட்டால் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பார்கள். மந்திரம் சொல்ல மாட்டார்கள்.

சேனாதிபதி சித்தர் வண்டியின் மற்ற மூன்று சக்கரங்களையும் போய்ப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் அதே மாதிரி ஒன்று.

“ஏலே வேலப்பா” என்றார். சித்தர் பட்டம் அந்த நிமிஷமே போய்விட்டது. “எங்க வண்டிக்குக் கயிறு. ஒன் வண்டிக்குப் பூட்டா? ஒன் கயித்து மேல ஒனக்கே நம்பிக்க இல்லையா?”

வேலப்பன் கை இடுப்பைத் தடவியது. பெல்ட்டில் சொருகியிருந்த பூட்டு நட்டுச் சாவியைப் பக்கத்தில் நின்றவர் உருவி எடுத்தார். மாட்டித் திருப்பியதும் சித்தரின் சக்தி கழன்று கீழே விழுந்தது. கூட்டத்துக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு ஆத்திரம் வந்தது, பிறகு தட்சணை ஞாபகம் வந்தது. வேலப்பன் அன்று மலையிறங்கியது போலீஸ் ஜீப்பில். அதன் சக்கரத்துக்கு அவர் கட்டியிருக்கவில்லை, ஆனாலும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.

கலைந்து போகும்போது ஒருவர் ஜெயப்பிரியாவிடம் வந்தார். “தாயி, அந்தப் பூட்டு நட்டு வாங்கி மாட்டிட்டு, அதுக்கு மேல ஒரு கயிறும் கட்டிக்கிட்டா நல்லதுதானே?” என்று கேட்டார். அவள் தன் வண்டியைப் பார்த்து நடந்தாள். நானாக இருந்தால் ஸ்பானரை எடுத்திருப்பேன்.

செல்வமுருகன் ஆஸ்பத்திரிக்கு வந்து அப்பாவின் கட்டிலோரம் நின்றான்.

“அப்பா, அன்னைக்கு ஸ்பானரக் கையில வச்சிக்கிட்டு நான் சும்மா இருந்துட்டேன்” என்றான். அழுதுவிட்டான்.

பெரியண்ணன் மூக்கிலிருந்த குழாயை ஒதுக்கிக்கொண்டு சொன்னார். “ஆமாடா, நீ சும்மா இருந்த. அவ சும்மா இருக்கல. அதனாலதான் ஒன் அழுகையக் கேட்டுக்கிட்டு உசுரோட கெடக்கேன்.”

உங்கள் வண்டியிலும் ஒரு கறுப்புக் கயிறு தொங்கலாம். அழகுக்கு என்றால் தொங்கட்டும். திருடனுக்குப் பயந்தால் ஒரு பூட்டு வாங்கி மாட்டுங்கள். ஆனால் பின்சீட்டில் ஓர் உயிர் மூச்சுக்குத் தவிக்கிறபோது, டிக்கியைத் திறக்கலாமா என்று எந்தச் சாமியாரிடமும் போன் போட்டுக் கேட்காதீர்கள். அதைச் சொல்லத்தான் உங்கள் கழுத்துக்கு மேலே ஒன்று இருக்கிறது.