முழங்கை மடங்கக் கூடாது

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு என் கழுத்தைத் தவிர அனைவரும் நலம்.

நான் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டதாகத் தங்கள் தங்கை போனில் சொல்லியிருப்பாள். விழவில்லை, பாய்ந்தேன். ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பில் என் பெண்ணுக்கு, அதாவது தங்கள் மருமகளுக்கு, பின்புறமாகப் பாய்ந்து கையூன்றிச் சுழன்று நிற்கும் வித்தை மட்டும் வரவில்லை. ஒருமுறை தலை இடித்ததிலிருந்து விரிப்பைப் பார்த்தாலே அழுகை. பயிற்சியாளர் அம்மாவோ, "இந்த வாரமும் வரலைன்னா போட்டிக்கு வேற பொண்ணுதான்" என்று சொல்லிவிட்டார். நாற்காலியில் உட்காரப் போவதுபோல இடுப்பைப் பின்னால் தள்ள வேண்டுமாம், முட்டி பாதத்தைத் தாண்டி முன்னே வரக் கூடாதாம், தொடை உதைக்கும்போதே கை காதை ஒட்டி மேலே போக வேண்டுமாம், ஊன்றியதும் முழங்கை கம்பி மாதிரி நிற்க, தோள் தரையைத் தள்ள, வயிறு காலை இழுத்து இறக்கிவிடுமாம். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்று குழந்தைக்குக் காட்ட அப்பனை விட்டால் யார் இருக்கிறார்கள்? மெத்தையைத் தரையில் போட்டு, இல்லாத நாற்காலியில் உட்கார்ந்தேன். வங்கியில் ஆயுள் முழுக்க உட்கார்ந்தவனாயிற்றே, அது பிரமாதமாக வந்தது. பிறகு எகிறினேன். பின்னால் போக வேண்டியவன் மேலே போனேன், மேலே போனவன் தலைகீழாக வந்தேன், கை இரண்டும் பொசுக்கென்று மடங்க, தலை மெத்தையில் சொருக, கால் திரைச்சீலையைக் கம்பியோடு பிடுங்கி என்மேலேயே போர்த்திவிட்டது. தங்கள் தங்கை ஓடிவந்து, "ஐயோ, திரை போச்சே!" என்றாள்.

பெண் சிரித்தாள். விக்கல் வரும்வரை சிரித்துவிட்டு, திரைக்குள்ளிருந்து என்னைத் தேடியெடுத்து, "முட்டி முன்னாடி வந்துடுச்சுப்பா, அதான் மேல போனீங்க. பயத்துல முழங்கையையும் மடக்கிட்டீங்க" என்றாள். திரையைக் கம்பியிலிருந்து உருவி மடித்து வைத்தாள். பிறகு மெதுவாக, "நானும் இப்படித்தான் பண்றேனாப்பா?" என்று கேட்டாள்.

"அச்சு அசலா இதேதான்" என்றேன்.

மறுநாள் பயிற்சிக்கூடத்தில் கழுத்துப் பட்டையோடு உட்கார்ந்திருந்தேன். அவள் முறை வந்தபோது அந்தப் பக்கம் கழுத்து திரும்பவில்லை. அதனால் பார்க்கவில்லை, கேட்டேன். முதலில் இரண்டு உள்ளங்கை, பிறகு இரண்டு பாதம். தலை இடிக்கும் சத்தம் வரவேயில்லை. வெறும் சுவரைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டு ஓர் ஆள் அழுதால் மற்ற பெற்றோர் என்ன நினைப்பார்கள்? நினைக்கட்டும்.

என்னைப் பார்க்கவென்று தாங்கள் சிரமப்பட்டு வர வேண்டாம். பெரியவர்களுக்கு, குனிய முடியாததால், எழுத்திலேயே வணக்கம். சின்னவர்களுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
நேராக மட்டுமே பார்க்கும்
தங்கள் மாப்பிள்ளை

பி.கு.: உடனே புறப்பட்டு வரவும். "உங்களுக்குக் குதிக்கவே தெரியல, நான் காட்டறேன் பாருங்க" என்று தங்கள் தங்கை மெத்தையை விரித்துக்கொண்டிருக்கிறாள்.