எங்கள் தெருப் பனிவாய்க்காலை அடைத்த கயவன்

பனியே விழாத தெற்குத் தீவில், நாஹா நகர நீதிமன்ற எழுத்தராக வீற்றிருக்கும் என் மருமகன் தகெஹிகோவுக்கு, ஆவோமோரியில் பனிக்கு அடியிலிருந்து மாமா நரிதா கின்சாகு எழுதுவது.

உன் சௌகரியம் விசாரிப்பதுதான் முறை. ஜனவரி மாதத்தில் அரைக்கைச் சட்டையோடு திரிகிறவனுக்குச் சௌகரியத்தில் என்ன குறைச்சல் வந்துவிடப் போகிறது? ஆகவே விசாரிக்கவில்லை. "பனி கொட்டுகிறதாமே மாமா, பார்க்க அழகாக இருக்குமே" என்று எழுதியிருந்தாய். ஆமாமப்பா, கொள்ளை அழகு. நாலே நாளில் எங்கள் கீழ்த்தளம் பாதாள லோகமாகிவிட்டது. மாடி ஜன்னல்தான் இப்போது தலைவாசல். போன திங்கட்கிழமை தபால்காரர் எங்கள் கூரைமேல் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு, "இது யார் வீட்டுத் திண்ணை?" என்று கேட்டார். தொலைக்காட்சியில் வானிலை சொல்லும் பயல் மட்டும் "பரவலான பனிப்பொழிவு" என்று பல்லைக் காட்டுகிறான். அவனை ஒரு நாள் எங்கள் கூரையில் ஏற்றிவிட வேண்டும், ஏணியை எடுத்துவிட வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெரு வாய்க்காலில் காலை ஒன்பதிலிருந்து பத்து வரைதான் தண்ணீர் விடுவார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்குள் பன்னிரண்டு வீட்டாரும் அவரவர் வாசலில் இருக்கும் கம்பி மூடியைத் திறந்து, பனியைக் கொஞ்சங்கொஞ்சமாகத் தள்ளிவிட வேண்டும். பேராசைப்பட்டு மொத்தமாகத் தள்ளி அடைத்தவன், ஒவ்வொரு வீட்டுக்கும் சாக்கே மது பாட்டிலோடு போய்த் தலை தரையில் பட வணங்க வேண்டும் என்பது சட்டம். சட்டம் போட்டது யார்? பதினோரு வருஷமாக வாய்க்கால் தலைவராக இருக்கும் உன் மாமாதான்.

செவ்வாய்க்கிழமை ஒன்பதே முக்காலுக்கு, என் வாசல் மூடியைத் திறந்து வைத்து, வாய்க்கால் ஓரத்தில் ஆள் உயரத்துக்குப் பனியைக் குவித்துவிட்டு, அதன்மேல் என் பனித்தள்ளியைச் சாய்த்து வைத்தேன். தொட்டில் அளவு பெரிய சிவப்புத் தள்ளி. எவனும் திருடிவிடக் கூடாதென்று நானே வெள்ளைப் பெயிண்டில் முழ நீள எழுத்தில் பெயர் எழுதியது. ஒரே ஒரு கிண்ணம் மீசோ சூப் குடித்துவிட்டு வருவதற்குள் தள்ளியையும் காணோம், குவியலையும் காணோம்! அடுத்த வாசலில் கூடோ நிற்கிறான். முப்பது வருஷம் முடிதிருத்தும் கடை வைத்து ஊரார் தலையைப் பாழாக்கியவன்.

"யோவ் கூடோ, என் தள்ளி எங்கேய்யா?"

"எனக்கென்ன தெரியும் தலைவரே? என்கிட்டதான் என்னுது இருக்கே."

"இருந்தா என்ன? ரெண்டா வச்சுக்கலாம்னு பார்த்திருப்பே!"

"உம்ம தள்ளியைத் தூக்க நாலு பேர் வேணும். நான் ஒத்தை ஆளு."

இந்த வாயாடல் முடிவதற்குள் தண்ணீர் எதிர்த்துக்கொண்டு மேலேறியது. பனியில் புதைந்த எங்கள் கீழ்வாசலைத் தாண்டி உள்ளே புகுந்தது. நடையில் இருந்த பூட்ஸுகள் படகாக மிதந்து, சாயங்காலத்துக்குள் பனிக்கட்டியில் பதிந்து அருங்காட்சியகம் ஆகிவிட்டன. அடைப்பு கூடோ வாசலுக்கு நேர் கீழே, அவன் மூடியும் உறைந்து திறக்கவில்லை! இதற்குமேல் சாட்சி வேண்டுமா? தள்ளியையும் திருடி, வாய்க்காலையும் அடைத்த இரட்டைக் குற்றவாளி! உன் அத்தை ஃபுசாயே மட்டும், "சனிக்கிழமை ஆள் வந்து மூடியை உடைச்சுத் திறக்கட்டுமே, அதுவரைக்கும் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருங்களேன்" என்கிறாள். மற்றப் பதினோரு வீட்டிலும் கூடோதான் திருடன் என்று நான் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது என்பது அவளுக்குத் தெரியாது.

ஆகவே மருமகனே, அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை தெருக் கூட்டத்தில் வாசிக்க, கோர்ட்டு பாஷையில் காரசாரமான குற்றப்பத்திரிகை ஒன்று உடனே எழுதி அனுப்பு. "கயவன்" என்ற சொல் மூன்று இடத்திலாவது வரட்டும்.

வெயிலில் வாடாமல், பனியில் நனையாமல் நீ நூறு வருஷம் சோம்பேறியாக வாழ வாழ்த்தும்,
மாமா கின்சாகு

பின்குறிப்பு: தபால்காரர் இன்னும் வராததால் சனிக்கிழமை இதைச் சேர்க்கிறேன். மூடியை உடைத்தார்கள். உள்ளே என் குவியல் முழுசாக, அதன் வயிற்றில் என் தள்ளி குறுக்கே சிக்கி நிற்கிறது. நான் சூப் குடித்த நேரத்தில் இரண்டும் சேர்ந்தே, நான் திறந்து வைத்த மூடி வழியாக வாய்க்காலுக்குள் சரிந்து, கூடோ வாசல்வரை போயிருக்கின்றன. தெருவே கூடிப் பார்த்தது. கூடோ மட்டும் குனிந்து, பனியைத் துடைத்துப் பெயரை உரக்க வாசித்துவிட்டு, "எழுத்து ரொம்ப அழகு தலைவரே" என்றான். குற்றப்பத்திரிகை வேண்டாம். மன்னிப்புக் கடிதம் பதினொன்று எழுதி அனுப்பு. கூடோவுக்கு உரியது மட்டும் கொஞ்சம் நீளமாக இருக்கட்டும்.