பாதிமூட்டையும் ஒரு களையான தோப்பும்

உரம் வாங்காமல் இருப்பது எப்படி என்று சொல்லித்தருவதற்காகவே உரக்கடைக்கு வந்த மனிதர் தேனி மாவட்டத்தில் ஒருவர்தான். அவர் பெயர் பாதிமூட்டை.

அது அவருடைய சொந்தப் பெயர் இல்லை. நான் தேனியில் ஓர் உரக்கடையில் பில் போடுகிறேன். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடப் படி ஏறியவள் நான்; பி.காம். முடிக்கும் வரை இறங்கவில்லை. அதனால் கடையில் கம்ப்யூட்டர், ரேகை வைக்கும் மிஷின், ஆபீஸ் கடிதங்கள், முதலாளியின் மூக்குக்கண்ணாடியைத் தேடுவது எல்லாமே என் பொறுப்பு. யூரியா வாங்குபவர் ரேகை வைத்ததும் மிஷினில் அவர் பெயர் வரும். பாதிமூட்டையின் உண்மைப் பெயர் நல்ல பெயர்தான். ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

யூரியாவைப் பிரித்து விற்க முடியாது. இது அவருக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் கேட்பார்.

"ஆத்தா, ஒரு பாதி மூட்டை போடு."

"அண்ணே, பாதி மூட்டைய மிஷின் ஒத்துக்காது."

"அதுக்கென்ன வலிக்குது? அதுவா சொமக்கப்போகுது?"

பிறகு வாசலில் நின்றுகொண்டு போகிற வருகிறவர்களைக் கூப்பிடுவார். "யாராச்சும் கூட்டுச் சேர்றீகளா? உரம் பாதி, பாவம் பாதி!" யாராவது ஒருவர் சேர்ந்த பிறகுதான் ரேகை வைப்பார். அரிவாள் பிடித்துப் பிடித்துத் தேய்ந்த விரல்கள். பத்தையும் மாற்றி மாற்றி வைப்பார்; ஏதாவது ஒன்று ஏறும் வரை மிஷின் சிவப்பு விளக்குத்தான் காட்டும். "பாத்தியா, மிஷினே வேணாங்குது. அதுக்கு இருக்கிற அறிவு ஒங்க முதலாளிக்கு இல்ல" என்பார். முதலாளி இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார்.

முதலாளியால் இதைச் சிரித்துத் தள்ள முடியவில்லை. காரணம், கடமலைக்குண்டு பக்கம் பாதிமூட்டை குத்தகைக்கு எடுத்திருந்த தென்னந்தோப்பு முதலாளியுடையது. முதல் வருடம் அந்தத் தோப்புக்கு மூட்டைகள் வண்டியில் போயின. அடுத்த வருடம் அதில் பாதி. அதற்கடுத்த வருடம் அதிலும் பாதி.

"என் தோப்புக்குள்ள ஒக்காந்துக்கிட்டே என் கடைக்குப் பூட்டுப் போடுறான் பாரும்மா" என்று முதலாளி என்னிடம் புலம்புவார்.

பாதிமூட்டை செய்தது இதுதான். மரங்களுக்கு அடியில் வெறும் தரையே தெரியக்கூடாது என்று தட்டைப்பயறும் சணப்பும் விதைத்தார். சணப்பைப் பூக்கிற சமயத்திலும் பயற்றைக் காய் பறித்த பிறகும் அறுத்து, தென்னையைச் சுற்றி இருக்கும் வட்டப்பாத்தியில் போட்டு, மேலே காய்ந்த மட்டைகளைப் பரப்பினார். இதை அவர் தோப்போடு நிறுத்தியிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது.

ஓடைப்பட்டியில் ஒரு கல்யாணம். மேடையில் எல்லோரும் மொய்க் கவர் கொடுத்துக்கொண்டிருந்தபோது இவர் சட்டைப் பையிலிருந்து வேரோடு ஒரு பயற்றஞ்செடியை எடுத்தார். "மாப்ள, வேர்ல முண்டு முண்டா இருக்கு பாருங்க. இதுதேன் யூரியா ஃபேக்டரி. காத்துல இருக்கிற சத்தப் புடிச்சு மண்ணுல வைக்குது. காத்துக்கு எவனும் பில் போட முடியாது." மாப்பிள்ளை பார்த்தார். மணப்பெண்ணும் பார்த்தார். ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. மூன்று பேரும் வேரைத்தான் பார்க்கிறார்கள். பந்தி முடிந்ததும் எச்சில் இலைகளைத் தென்னைக்கு உரமாக மூட்டை கட்டி மொபெட்டில் ஏற்றிக்கொண்டு போனார். சலூனுக்குப் போனால் வெட்டிய முடியைப் பையில் போட்டுத் தரச் சொல்வார். அடுத்த நாற்காலியில் இருப்பவருடைய முடியையும் கேட்பார்.

தேங்காய் வெட்ட வருகிறவர்கள், அந்தப் பச்சைக்குள் பாம்பு கிடக்கும் என்று உள்ளே வர மறுத்தார்கள். பாதிமூட்டை ஒரு கம்பால் தரையைத் தட்டியபடி முன்னால் நடந்தார். "ஏலே, ஒதுங்கிக்கங்கடா. காய் வெட்ட ஆளுக வந்திருக்காக." பாம்புக்கு 'டா', ஆட்களுக்கு மரியாதை. அவர்கள் நிம்மதியாக ஏறினார்கள்.

கிறுக்கு என்று ஊர் சொன்னது. ஆனால் பொட்டாஷ் மட்டும் முழு மூட்டையாக வாங்கிப் போவார். ஏன் என்று கேட்டேன். "காத்துல பொட்டாசு கெடையாது ஆத்தா. தேடிப் பாத்துட்டேன்" என்றார்.

குத்தகை புதுப்பிக்கிற சமயம் வந்தது. முதலாளிக்கு முழங்கால் வலி, தோப்புக்குப் போய் வருடங்கள் ஆகின்றன. என்னைக் கூப்பிட்டார்.

"நீ படிச்ச புள்ள. நேர்ல போயி பாத்துட்டு எழுத்துல அனுப்பு. போட்டோ வேணாம், போட்டோல எல்லாமே பச்சையாத்தேன் தெரியும். தோப்புன்னா கீழ விழுந்த ஊசிய எடுக்கணும், அம்புட்டு சுத்தமா இருக்கணும். களை கெடந்துச்சு, இந்த மாசத்தோட அவனுக்குக் கணக்கு முடிஞ்சது. தோப்ப எடுக்க ஜெயமங்கலத்து ஆளு டிராக்டரோட தயாரா இருக்கான்."

பஸ் ஏறிப் போனேன். ஊசி என்ன, முதலாளியின் காரே விழுந்தாலும் தேடித்தான் எடுக்க வேண்டும். முழங்கால் உயரத்துக்குப் பச்சை. அதற்கு நடுவில் பாதிமூட்டை அரிவாளோடு நின்றார்.

"வா ஆத்தா. முதலாளி அனுப்பிச்சாகளா? என்ன சொன்னாக?"

சொன்னேன். ஜெயமங்கலத்து ஆளையும் டிராக்டரையும் சேர்த்தே சொன்னேன்.  அவர் பக்கத்தில் இருந்த மரத்தில் கை வைத்துக்கொண்டார்.

"நான் எடுக்கையில குரும்பையெல்லாம் பிஞ்சுலயே கொட்டி நோயாளியா நின்னுச்சுக. இப்பத்தேன் தலையெடுத்திருக்குதுக. டிராக்டர விட்டு உழுதா மேல ஒண்ணும் தெரியாது. அடியில வேர் அறுந்துபோகும். மரம் சத்தம் போடாது, அம்புட்டுதேன்."

"நான் என்னண்ணே எழுதட்டும்?"

"பாத்தத எழுது. எனக்காகப் பொய்யி எழுதாத. நாங்கதேன் கைநாட்டு. நீ படிச்சுப்புட்டுப் பொய் எழுதுனா படிப்புக்குக் கேவலம்."

சொல்லிவிட்டு, எனக்கு இளநீர் வெட்டப் போய்விட்டார்.

நான் போனை எடுத்து, 'தோப்பு முழுவதும் களை' என்று தட்டினேன். முதலாளியின் கணக்குப்படி அது உண்மை. மேலே பார்த்தேன். ஒவ்வொரு மரத்திலும் குலை குலையாகக் காய். கீழே ஒரு குரும்பைகூட உதிர்ந்து கிடக்கவில்லை. தட்டியதை அழித்துவிட்டு வேறு எழுதினேன்.

'தோப்பு ரொம்பக் களையாக இருக்கிறது.'

இரண்டே நிமிடத்தில் முதலாளியிடமிருந்து கும்பிடும் கைகள் வந்தன. பின்னாலேயே, 'ரொம்ப சந்தோஷம்.' அந்த வாரமே குத்தகைப் பத்திரம் எழுதி முடிந்தது.

நான் பத்தாம் வகுப்பில் தமிழில் பள்ளிக்கே முதல் மதிப்பெண் வாங்கியவள். அந்த வார்த்தையைத் தெரியாமல் போட்டுவிட்டேன் என்று யாராவது சொன்னால் எனக்கு அவமானம்.

ஒரு மாதம் கழித்து, கடமலைக்குண்டில் ஒரு விசேஷத்துக்குப் போன முதலாளி அப்படியே தோப்பிலும் இறங்கியிருக்கிறார். கடைக்குப் போன் வந்தது.

"ஏம்மா! களையா இருக்குன்னு எழுதுன?"

"ஆமா முதலாளி. களையாத்தான இருக்கு?"

 பின்னால் பாதிமூட்டையின் குரல் கேட்டது. "பாத்து முதலாளி, பயறு மிதிபடுது."

எனக்கு வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். போகிற வேலை, கேட்டுவிடலாம் என்று கேட்டேன். "முதலாளி, மேல பாத்தீகளா?"

முதலாளி பேசினார். என்னிடம் இல்லை. "என்னப்பா, இங்கன ஒரு குரும்பைகூடக் கொட்டிக் கெடக்கலையே?"

"அதுக எதுக்குக் கொட்டப்போகுது? வயிறு நெறஞ்சிருக்குதுக முதலாளி."

போன் கட்டானது.

சாயங்காலம் முதலாளியின் கார் வந்தபோது பின்சீட் முழுவதும் தட்டைப்பயற்றங்காய்.  டீ குடித்து முடித்ததும் கம்ப்யூட்டரைக் காட்டினார்.

"பத்திரத்துல ஒரு கண்டிசன் சேக்கணும். டைப் பண்ணு. தோப்புல அவன் என்ன வேணாலும் பண்ணிக்கிறட்டும். என் கடைக்குள்ள வந்து வாயத் தொறக்கக் கூடாது."

டைப் செய்தேன். பாதிமூட்டை அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, பெருவிரலில் மை தடவி அழுத்தி வைத்தார்.

அவர் சொன்ன சொல் தவறாதவர். முதலாளி இருந்தால் மூட்டை அடுக்கின் ஓரமாக வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிற்பார். யாராவது தென்னையைப் பற்றிக் கேட்டால் கூரையைப் பார்ப்பார். முதலாளி மதியம் ஒரு மணிக்கு வீட்டுக்குச் சாப்பிடப் போவார், திரும்பி வர இரண்டாகும். அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் கடை வாசலில் ஐந்தாறு விவசாயிகள் நடுவில் பாதிமூட்டை உட்கார்ந்திருப்பார், கையில் ஒரு வேர்.

எனக்கும் அதுதான் சாப்பாட்டு நேரம். இப்போதெல்லாம் நான் இரண்டு மணிக்குத்தான் டிபன் பாக்ஸைத் திறக்கிறேன்.