மஞ்சள் மூஞ்சி வௌவால்

இனி மொட்டைமாடிக்குப் போவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். உயிர் முக்கியம்.

நான் பெயின்டர். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டே டீ குடிப்பவன். அதை வாரம் இரண்டு முறையாவது மனைவியிடம் சொல்லிக்காட்டிவிடுவேன். அவள் மாடியில் டிராகன் பழச் செடி வளர்க்கிறாள். இருட்டத் தொடங்கும்போதுதான் பூ விரியும். பழம் பிடிக்க, பூவுக்குப் பூ பிரஷ்ஷால் மகரந்தத்தைத் தொட்டு வைக்க வேண்டும். வீட்டில் பிரஷ் பிடிப்பவன் நான்தானே. வேலை என் தலையில் விழுந்தது.

திங்கட்கிழமை, என் மூக்குக்கு நேரே ஒரு வௌவால். சுண்டெலி அளவுதான். பறந்த பூச்சியைக் கவ்வி நறுக்கென்று கடித்துத் தின்றது. அடுத்து பூவுக்குள் தலையை விட்டது. வெளியே வந்தபோது மூஞ்சியெல்லாம் மஞ்சள். என்னையே பார்த்தது. படியில் கால் வைத்த ஞாபகமே இல்லை, கீழே நின்றிருந்தேன்.

உண்மையைச் சொன்னால் மானம் போய்விடும். மறுநாளிலிருந்து வெளிப்படிக்கட்டில் பாதியிலேயே பதுங்கினேன். மேலே சிறகு படபடக்கும்போதெல்லாம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். டப்பாவில் இருந்த மஞ்சள் பெயின்டில் பிரஷ் நுனியை நனைத்து, அரை மணி கழித்து இறங்கி அவளிடம் நீட்டினேன். அவளும் தலையாட்டினாள்.

பத்து நாள் கழித்துக் கூப்பிட்டாள்.

"என்னங்க, அத்தனை பூவும் பிஞ்சு விட்டிருக்கு!"

"கை அப்படி."

"எதிர்வீட்டு டீச்சருக்கும் செஞ்சு குடுங்க. முப்பது பூ இருக்கு. அங்க ஏதோ வௌவால் வேற வருதாம். எங்க வீட்டுக்காரருக்கு பயம்னா என்னன்னே தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். "முதுகு வலிக்குதும்மா..."

பிரஷ்ஷை எடுத்து மேஜையில் தட்டினாள். டக்கென்றது.

"மகரந்தம் இப்படிக் கல்லா காயுமா? பெயின்ட் தின்னர் வாசனை அடிக்குமா?"

"அப்போ... பிஞ்சு?"

"வௌவால் புண்ணியம். தினமும் நீங்க இறங்கற வரைக்கும் டீச்சர் வீட்டு மாடியில நின்னு, நானும் அவங்களும் உங்க ரெண்டு பேரையும்தான் பார்த்துட்டு இருந்தோம். அது மேல வேலை செய்யுது, நீங்க படியில நடுங்கிட்டு இருக்கீங்க."

"அப்போ நான் இனிமே மேல போக வேணாமா?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"வேணாம். சமையலறைக்குப் பெயின்ட் அடிங்கன்னு மூணு வருஷமா கேக்கறேன். டப்பாதான் திறந்தாச்சே."

ஏணியைக் கொண்டுவந்து அவளே நிறுத்தினாள்.

"ஜன்னலைச் சாத்திட்டேன். பயப்படாம அடிங்க."