டொய்ங் அக்காவும் பதினேழு பைட்டும்

உத்திரமேரூரில், ஏன், இந்த உலகத்திலேயே, "மெமரி ஃபுல்" என்று ஒருநாளும் புலம்பாத ஒரே கம்ப்யூட்டர் ஆள் டொய்ங் அக்காதான். என் போனில் நூற்றிருபத்தெட்டு ஜிபி இருக்கிறது. சொந்தக்காரர்கள் அனுப்பும் காலை வணக்க ரோஜாப்பூக்களுக்கே அது போதவில்லை. அக்காவின் கம்ப்யூட்டரில் இருந்தது வெறும் அறுபத்துநாலு கேபி. அதில் ஒரு ரோஜாவின் பாதி இதழ்கூட நுழையாது. அதற்குள் அவர் ஓர் ஏரியையே இறக்கினார்.

பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு பத்திர எழுத்தரிடம் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். வில்லங்கம் போட்டுப் பார்க்க அலைகிறவன் நான். டைப் அடிக்கிறவர் அக்கா. சாட்சிக் கையெழுத்துப் போடும்போது மட்டும் அவருக்கு வேறு பெயர் இருப்பது தெரியவரும். மற்றபடி, பின்னறையில் சாப்பாட்டு வேளை தவறாமல் எழுந்த அந்த "டொய்ங்" ஓசைதான் அவர் பெயர்.

ஓசை வந்த கம்ப்யூட்டருக்கு என் வயதைவிட அதிக வயது. அக்கா படித்த கான்வென்ட் விடுதிக்கு யாரோ வெளிநாட்டார் என்றைக்கோ கொடுத்தது. கீபோர்டுக்குள்ளேயே கம்ப்யூட்டர், திரைக்குப் பழைய டிவி, புரோகிராம் எல்லாம் ஆடியோ கேசட்டில். விடுதியில் ஸ்டோர் ரூமை ஒழித்தபோது காயலான் கடைக்குப் போக இருந்ததை, அக்கா அரிசிச் சாக்கில் போட்டு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

"கோழியா? லக்கேஜ் போடணும்" என்றாராம் கண்டக்டர்.

"கோழி இங்கியே கத்தும். இது வூட்டுக்குப் போனாத்தான் கத்தும்" என்றாராம் அக்கா.

வீட்டில் வோல்டேஜ் போதாமல் அது கத்தவில்லை. அதனால்தான் எங்கள் பின்னறைக்கு வந்தது.

அந்தப் பெட்டியில் அக்கா செய்ததற்கு 'டெமோ' என்று பெயர். எங்கள் முதலாளி, அதாவது பத்திர எழுத்தர், அதைப் புரிந்துகொள்ள ஒரு வாரம் முயன்றார்.

"இன்னாம்மா, கேமா?"

"இல்ல சார்."

"சினிமாவா?"

"இல்ல சார்."

"அப்ப இன்னாத்துக்கு ஆவும்?"

"இந்த மிஷினால முடியாதுன்னு சொல்றாங்க இல்ல சார், அத்த செஞ்சி காட்டும். நாம பாக்கணும். அவ்ளோதான்."

ஐரோப்பாவில் இதற்கென்று கூட்டம் போட்டுக் கைதட்டுகிறார்கள் என்றார் அக்கா. போலந்தில் யாரோ செய்த பனிமழை டெமோ அவருக்கு உயிர். அதை எங்களுக்கு நூறு தடவையாவது காட்டியிருப்பார். உத்திரமேரூர் வெயிலில் அதைப் பார்த்து எனக்கே ஜலதோஷம் பிடித்தது.

அந்தக் கம்ப்யூட்டரின் இசைச் சில்லில் மொத்தம் மூன்றே குரல். ஒரே நேரத்தில் மூன்று ஓசைக்கு மேல் வராது. "மூணு வெச்சிக்கினு இன்னாக்கா பண்ணுவ?" என்றேன்.

"நாயனம், தவுலு, ஒத்து. கல்யாணத்துக்கே போதுது. கம்ப்யூட்டருக்குப் போதாதா?"

போன வருஷம், வட ஐரோப்பாவில் நடக்கும் ஒரு போட்டிக்கு இணையம் வழியாகவும் டெமோ அனுப்பலாம் என்று தெரிந்தது. அக்கா அன்றே முடிவு செய்துவிட்டார். ஏரி நிரம்பி, மிஞ்சிய தண்ணீர் வழிந்து கோடி போகிற காட்சி, பின்னணியில் நாயனம், கடைசியில், இந்தத் துறை வழக்கப்படி, நன்றிக்குரியவர்கள் பெயர்கள் வரிசையாக ஓடும். எல்லாம் சேர்த்து நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு பைட்டுக்குள் அடங்கவேண்டும். ஒன்று கூடினாலும் நிராகரிப்பு. ஆறு மாதம் உழைத்து, ஒரு பைட் மிச்சமில்லாமல் அடக்கினார்.

அனுப்ப நான்கு நாள் இருந்தபோது வந்தார்கள் அண்ணனும் தம்பியும். பாகப்பிரிவினைப் பத்திரம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள். கிணறு யாருக்கு என்று சத்தம் ஏறிக்கொண்டிருந்தபோது பின்னறையில் நாயனம் கிளம்பியது. இருவரும் எழுந்துபோய் டிவி முன்னால் நின்றார்கள். அண்ணன் சொன்னார்:

"நம்ம ஏரி மாரியே கீதே!"

"ஆனா மதகு இந்தப் பக்கம் ஏது? எதிர்ப்பக்கம் இல்ல?" என்றார் தம்பி.

"ஆமாண்டா. மதகு தப்பு."

அன்று அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். அக்காவின் முகம் மாறிவிட்டது. அவர்கள் போனதும் என்னிடம் சொன்னார்: "தெரிஞ்சேதான் மாத்தி வெச்சேன் தம்பி, எடம் மிச்சமாவும்னு. யாரும் கண்டுபிடிக்கமாட்டாங்கன்னு நெனச்சேன்."

"அக்கா, அங்க கீறவனுக்கு மதகுன்னாலே இன்னான்னு தெரியாது!"

"அவனுக்குத் தெரியாது. எங்கம்மா அந்தக் கரையில கூடை கூடையா மண்ணு சொமந்தவங்க. அவங்களுக்குத் தெரியும்."

மதகை இடம் மாற்றினார். பதினேழு பைட் கூடிவிட்டது.

அடுத்த மூன்று நாளும், தொலைந்துபோன கம்மலைத் தேடுகிற மாதிரி அந்தப் பதினேழு பைட்டைத் தேடினார். கிரயப் பத்திரத்தில் 'வடக்கு' என்று இருக்கவேண்டிய இடத்தில் 'பதினேழு' என்று அடித்தார். நல்லவேளை, நான் பார்த்துத் திருத்தினேன். முதலாளியும் யோசனை சொன்னார்.

"கடைசியில எங்க பேரெல்லாம் வருதே. என்னோடத மட்டும் வெச்சிக்கினு மத்தத அடிச்சிடேன்."

"பத்திரத்துல எழுதின பேர அடிச்சா செல்லுமா சார்?"

முப்பது வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவர், பேனாவை மூடிக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார்.

கடைசி நாள் காலை. டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோன அக்கா பாதியிலேயே நிறுத்தினார். எதிரே பஸ் ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. அந்த அதிர்வில் டீ மேல் வளையம் வளையமாக அலை. "தவுலு!" என்று கத்தினார். தவிலடிக்கு என்று சில எண்கள், ஏரியின் அலைக்கு என்று சில எண்கள் தனித்தனியாக வைத்திருந்தாராம். அலைக்கு வைத்ததைத் தூக்கிவிட்டு, தவில் எண்களையே அதற்கும் கொடுத்தார். பத்தொன்பது பைட் குறைந்தது. ஓடவிட்டுப் பார்த்தால், தவில் அடிக்க அடிக்க ஏரித் தண்ணீர் துள்ளியது. முன்பைவிட நூறு மடங்கு அழகு.

"அப்ப ரெண்டு பைட் மிச்சமா?" என்றார் முதலாளி. "ரெண்டு எழுத்துதானே, எம்பேருக்குப் பின்னால 'பிஏ' போட்டுடு."

அவருக்கு பி.ஏ.வில் இன்னும் இரண்டு பேப்பர் பாக்கி. அந்த இரண்டு எழுத்தும் மற்ற பெயர்களுக்காக ஏற்கெனவே வரைந்திருந்ததால், அக்கா சிரித்துக்கொண்டே போட்டுவிட்டார். கேசட் ஓசையை ஆபீஸ் கம்ப்யூட்டரில் பதிந்து, கோப்பாக மாற்றி அனுப்பினார்.

போட்டியன்று சாயங்காலம் ஆபீசிலேயே நேரலையில் பார்த்தோம். அங்கே பெரிய அரங்கம், பெரிய திரை. எங்கள் ஏரி நிரம்பியது. முதலில் யாரும் அசையவில்லை. தவில் ஏறி, சரியான பக்கத்து மதகில் தண்ணீர் சீறியதும், கூட்டம் தாளத்துக்குக் கைதட்ட ஆரம்பித்தது. முதலாளி எழுந்து நின்றுவிட்டார். அக்கா மட்டும் உட்கார்ந்தபடி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். முடிவில் பதினோராம் இடம்.

"பதினொண்ணா? அடுத்த வருஷம் பத்துக்குள்ள வரணும்" என்றார் அக்கா, அவ்வளவுதான்.

நான் பார்த்தது வேறு. கடைசியில் பெயர்கள் ஓடினபோது என் பெயரும் வந்தது. என் பெயர் எழிலரசன். ரேஷன் கார்டில் எலிலரசன், பேங்கில் எளிலரசன், கூப்பிடுகிறவர்களுக்கு எயிலு. அந்தத் திரையில் சரியான 'ழ' போட்டிருந்தது. அந்தக் கம்ப்யூட்டரில் ஒவ்வோர் எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரையவேண்டும். ஓர் எழுத்தை முதல் தடவை வரைய எட்டு பைட்; வரைந்ததை மறுபடி போட ஒன்றே ஒன்று. வேறு யார் பெயரிலும் 'ழ' இல்லை.

"இத்த 'ல'ன்னு போட்டிருந்தா எட்டு பைட் அப்பவே கெடைச்சிருக்குமேக்கா" என்றேன்.

"அது உன் பேரு இல்லியே" என்று சொல்லிவிட்டு, அக்கா பாக்கி இருந்த செட்டில்மென்ட் பத்திரத்தை அடிக்க உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து எங்கே கையெழுத்துப் போட்டாலும், அந்த ஓர் எழுத்தை மட்டும் நான் கொஞ்சம் பெரிதாகப் போடுகிறேன்.