தட்டு மாற்றும்போது நான் எழுந்து போன காரணம்

ராஜபாளையம்
14.7.1991

ஸ்ரீவில்லிபுத்தூர் சம்பந்தி பரிபூரணம் அவர்களுக்கு அழகுத்தாய் எழுதிக்கொண்டது. இங்கே என் வயிறு தவிர எல்லோரும் நலம்.

என் பேரன் பொன்னுராஜுக்கு மில்லில் சூப்பர்வைசர் வேலை நிரந்தரமாகிவிட்டது. அவன் தம்பி பி.காம். முதல் வகுப்பு, மெடலும் உண்டு. தங்கை டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். வீட்டில் பெயிலானது ஐந்தாம் வகுப்புப் படித்த நான் ஒருத்திதான், அதுவும் உங்கள் வீட்டுக் கூடத்தில்.

பங்குனியில் மதுரையில் என் பித்தப்பையை எடுத்தார்கள். பதினேழு கல். சீசாவில் போட்டுத் தந்ததைப் சின்னப் பேரன் மெடலுக்குப் பக்கத்தில் வைத்து வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். ‘நெய்யும் பாலினிப்பும் இப்போதைக்கு ஆகாது’ என்று டாக்டர் சொன்னதைத்தான் காதில் வாங்கவில்லை. பொன்னுராஜுக்கு நிச்சயம் பண்ண வந்த அன்றைக்கு உங்கள் பெண் தங்கபாய் பால்கோவாத் தட்டோடு முதலில் என் முன்னால் வந்து நின்றாள், பெண் வீட்டு இனிப்பை மூத்தவள் தொடாவிட்டால் தப்பாகிவிடுமே என்று ஒரு வாய் வைத்தேன், ‘இன்னும் கொஞ்சம் எடுத்துக்கோங்க ஆச்சி’ என்ற குரலுக்காக ஒரு வாய், மூன்றாவது வாய்க்கு என்னிடம் காரணம் இல்லை. மாற்றிக்கொள்ளத் தாம்பூலத் தட்டைத் தூக்கும் நேரம் பார்த்து வயிறு புரண்டது. உங்கள் ஊர்த் தேரை ஆயிரம் பேர் இழுத்தால்தான் நகரும், இது யாரும் இழுக்காமலே நகர்ந்துவிட்டது.

‘என்னம்மா, தட்டு மாத்தையில எந்திரிக்க?’ என்று என் மகன் சோலைராஜ் சேலையைப் பிடிக்க, ‘விடுலே, வாரேன்’ என்று கொல்லைக்கு ஓடினேன். திரும்புவதற்குள் ஜமுக்காளத்தைச் சுருட்டிவிட்டீர்கள். அந்நேரம் மூத்தவள் எழுந்தால் சம்மதமில்லை என்பதுதானே நம் வழக்கம். திரும்பி வரும்போது வேனில் ‘பொண்ணு பிடிக்கலையா’ என்று கேட்டார்கள். படித்த பிள்ளைகள் முன்னால் வெட்கப்பட்டு, ‘தலை சுத்துச்சுலே’ என்றேன். மூன்று வாரமாகப் பொன்னுராஜுக்குச் சோறு இறங்கவில்லை, எனக்கு இறங்கினது தங்கவில்லை. நேற்றுதான் உண்மையைச் சொன்னேன். ‘அம்புட்டுதானா அப்பத்தா?’ என்று சிரித்துவிட்டு மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

ஆவணியில் மறுபடி தட்டு மாற்றுவோம். எனக்கு இட்லியும் மோரும் போதும். நீங்கள் தந்த தங்கபாயின் போட்டோவைச் சாமி படத்துக்குக் கீழே வைத்துத் தினமும் பார்த்த பிறகுதான் பச்சைத்தண்ணீர் குடிக்கிறேன்.

அவள் தலை நிறையப் பூவும் மடி நிறையப் பிள்ளையுமாக எங்கள் வீட்டில் வாழட்டும்.

இப்படிக்கு,
அழகுத்தாய்

பி.கு: போட்டோ சாமி படத்துக்குக் கீழே இருப்பதாக எழுதியது பொய். அன்று இடுப்பில் சொருகியிருந்தேன். உங்கள் கொல்லையில் உட்காரும்போது கக்கூஸ் கோப்பைக்குள் விழுந்துவிட்டது. தண்ணீர் ஊற்றுமுன் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இதை மட்டும் வீட்டில் சொல்லவில்லை, பொன்னுராஜ் தினமும் கேட்கிறான். புதிதாக ஒரு போட்டோ என் பெயருக்கே அனுப்பவும். ஆள் வசம் கொடுத்தால் கூடவே பால்கோவாவும் வைப்பீர்கள், நான் தின்றுவிடுவேன். அதனால் தபாலில் அனுப்பவும்.