பானகம் குடித்த மன்னர்

கூரையெல்லாம் ஓலையாகவும் மந்திரிகளெல்லாம் மேதாவிகளாகவும் வாய்த்த நாடு ஒன்று இருந்தது. அங்கே ஒரு வீடு பற்றிக்கொண்டால் தெருவே குடத்தோடு ஓடும். அணைத்ததும் வீட்டுக்காரர் ஆளுக்கொரு குவளை பானகம் கொடுப்பார். குடித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போவார்கள்.

இது சட்ட மந்திரி அகத்தீசுவரரின் கண்ணை உறுத்தியது. பானகம் மரியாதையா, கூலியா என்று யோசித்து யோசித்து மனிதர் இளைத்தே போனார். கடைசியில் கூலிதான் என்று சட்டம் போட்டார். முழுக் குவளை குடித்தவர் முழுநேரத் தீயணைப்பு வீரர். அரண்மனைக் கொட்டகையில் உட்கார்ந்திருக்க வேண்டும், அனுமதி வராமல் எழுந்திருக்கக் கூடாது. அரைக் குவளை குடித்தவர் பகுதிநேரம். பாதித் தீயை மட்டும் அணைக்கலாம். குடிக்காதவர் தொண்டர். தொண்டர் குடத்தைத் தொட்டால் அது வேலையாகிவிடும் என்பதால், பக்கத்தில் நின்று வருத்தப்படலாம்.

புதுச் சட்டப்படி முதலில் எரிந்தது பால்காரி காத்தாயியின் மாட்டுத்தொழுவம். பகுதிநேரத்தார் இடப்பக்கத்தை அருமையாக அணைத்தார்கள். வலப்பக்கம் நின்ற பசுவைக் காத்தாயி தனியாளாக இழுத்து வந்தாள். அவளுக்கிருந்த ஒரே சொத்து அது. வயிறெரிந்து மன்னர் பூபதிராயரிடம் போய் முறையிட்டாள். சட்டம் தன் கடமையைச் செய்யும் என்று அவர் ஆறுதல் சொல்லி அனுப்பினார்.

பொங்கலன்று அரண்மனை மடைப்பள்ளி பற்றிக்கொண்டது. வீரர்கள் அனுமதிக்காகக் காத்திருந்தார்கள். அனுமதிக்குக் குத்த வேண்டிய முத்திரை உள்ளே எரிந்துகொண்டிருந்தது. பொறுக்க முடியாத மன்னர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாமே தண்ணீர் ஊற்றி அணைத்தார். வழக்கப்படி மகாராணி பானகம் நீட்ட, ஒரே மூச்சில் குடித்தார்.

மந்திரி கனைத்தார்.

"மகாராஜா, தாங்கள் இப்போது முழுநேர வீரர். கொட்டகைக்கு எழுந்தருள வேண்டும்."

"அப்ப நாட்டை யாருய்யா பாக்குறது?"

"அடியேன் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. தொண்டனாகவே பார்த்துக்கொள்கிறேன்," என்று மந்திரி சிம்மாசனத்தில் அமர்ந்தார்.

மறுவாரம் காத்தாயியின் வீடே பற்றிக்கொண்டது. வாசலை நெருப்பு அடைத்திருந்தது, பசு உள்ளே. கொட்டகைக்கு ஓடினாள். மன்னர் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க ராசா, மாடு உள்ள கெடக்கு."

எழப்போன மன்னர் மறுபடி உட்கார்ந்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"அனுமதி வரலையேம்மா."

அந்த நேரம் அரண்மனையிலிருந்து ஒரு சேவகன் ஓலையோடு ஓடிவந்தான். மன்னர் உட்பட எல்லா வீரர்களும் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டார்கள். சேவகன் மூச்சு வாங்கிக்கொண்டு படித்தான்:

"நாட்டின் முதல் தொண்டர் தமது ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறார்."